4,850 ரூபாய் குடுத்து மளிகைக்கடை போர்டை பைக்ல மாட்டிக்கிட்டேன்

திங்கக்கிழமை நடந்தது. இன்னிக்கு வியாழன். மூணு நாளா சோறு இறங்கல. பின்பக்க மட்கார்டு, நம்பர் பிளேட் கிளாம்பு எல்லாம் பட்டறையில சொல்லிச் செஞ்சுக்கலாம்னு இருக்கிற நம்ம டெல்டா ஆளுங்க யாராவது இருந்தா இதைப் படிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன். முதல்ல 4,850 ரூபாய் எப்படிப் போச்சுன்னு சொல்லிடறேன்.

வண்டி 2020-ல எடுத்தது, டிஎன் 50, திருவாரூர் பதிவு. கம்பெனி பிளாஸ்டிக் மட்கார்டோட வால் போன அறுவடையில நெல்லு மூட்டை ஏத்துனப்ப விரிசல் விட்டுது. சம்பா நடவு ஆரம்பிச்சா நம்ம ரோடு எப்படி இருக்கும்னு தெரியும்ல? சேத்துல உழ மாட்டுற இரும்புச் சக்கரம், அதான் கேஜ் வீல், அது போட்ட டிராக்டர் வயல்ல இருந்து ஏறி வந்து களியை ரோடு பூரா உதறிட்டுப் போகும். மட்கார்டு இல்லாம பத்து நிமிஷம் ஓட்டுனா சட்டை முதுகுல வாய்க்காலே ஓடும்.

சரி, இரும்புலயே செஞ்சுடுவோம்னு ரெண்டு ராத்திரி உக்காந்தேன். ஃபிரிட்ஜ் அட்டையை வெட்டி டயருக்கு மேல வளைச்சு மாடல் எடுத்தேன். மச்சானையும் அவன் கூட்டாளியையும் வண்டியில உக்கார வெச்சு, ஷாக் அமுங்கின பிறகும் டயருக்கும் அட்டைக்கும் நடுவுல ரெண்டு இஞ்ச் இருக்கான்னு பாத்துப் பாத்து வெட்டினேன். களி அடைஞ்சா அந்த இடம் இல்லேன்னா வீல் சுத்தாது. பின் பிளேட்டு 200-க்கு 100 மில்லிமீட்டர். அதுக்கு அளவா கிளாம்பு, கிளாம்புக்கு ரெண்டு பக்கமும் முக்கோணமா முட்டு. எல்லாம் அட்டையில ரெடி. எனக்கு வெல்டிங் பத்தவைக்க மட்டும்தான் தெரியாது.

பட்டறை எங்கே, எந்த ரோடுன்னு போட மாட்டேன். பழைய பட்டறை, அது போதும். நான் அட்டையை நீட்டினதும் அந்த அண்ணன் டீயைக் கீழ வெச்சுட்டு, சாக்பீஸ் எடுத்து, என் மாடல் மேலயே ஒரு கோடு போட்டாரு. "தம்பி, இந்த ஓரத்தை ஒரு மடிப்பு மடிச்சு விட்டா ஆடாது." நியாயமான பேச்சு. மடிப்பு இருந்தா தகடு விறைப்பா நிக்கும், எனக்கே அது தோணல. அப்புறம் சுவத்துல சாத்தியிருந்த ஒரு பழைய கலப்பையைக் காட்டி, "எங்கப்பா கொழு அடிச்ச உலை தம்பி இது. இங்கேருந்து போன சாமான் திரும்பி வந்ததில்ல"ன்னாரு.

அங்கதான் நான் விழுந்தேன். கொழு அடிச்ச குடும்பம் ஏமாத்துமான்னு மனசு சொல்லிடுச்சு. 18 கேஜ் ஷீட்டு, கிளாம்புக்கு 3 மில்லிமீட்டர் பட்டை, எல்லா ஜாயின்ட்டும் முழுசா பத்தவைக்கணும்னு வாயால சொன்னேன். வாயால மட்டும். ஷீட்டும் கூலியும் 3,200, பெயின்ட் 900, பிட்டிங் 750. ஆக 4,850. மூவாயிரம் அட்வான்ஸ், மிச்சம் ஜிபேயில. பில் கேட்டதுக்குச் சிரிச்சாரு. "நம்மளுக்குள்ள என்ன தம்பி பில்லு."

நாலு நாள்னு சொன்னது பதினேழு நாள் ஆச்சு. கரண்ட் இல்ல, ராடு தீர்ந்துபோச்சு, பையன் கல்யாணத்துக்குப் போயிட்டான், மழை. வண்டி கைக்கு வந்தப்ப பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. உள்பக்கம் பூரா கறுப்பு அண்டர்கோட்டிங் அடிச்சிருந்தாரு. துருப்பிடிக்காம இருக்கன்னாரு. எதுக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

நம்பர் பிளேட்டைக் கழட்ட ஸ்னாப் லாக்கை உடைச்சிருக்காரு. 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த வண்டிக்கெல்லாம் அரசாங்கம் சொன்ன உயர் பாதுகாப்பு பிளேட்டு. அந்த லாக்கு ஒரு தடவை உடைஞ்சா அவ்வளவுதான், திரும்பப் போட முடியாது. சாதா போல்ட்டு ரெண்டு போட்டு முடுக்கி வெச்சிருந்தாரு. நான் கேட்டதுக்கு, "போல்ட்டுதான் தம்பி ஸ்ட்ராங்கு."

ஒரு வாரத்துல கிடுகிடுன்னு சத்தம். போய்க் காட்டுனேன். வண்டியைத் தட்டிப் பாத்துட்டு, "புதுசுல அப்படித்தான், செட்டாயிடும்"னாரு. புதுச் செருப்பா அது, செட்டாகறதுக்கு?

திங்கக்கிழமை அம்மாவைப் பின்னாடி உக்கார வெச்சு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வடுவூர் தாண்டி ஒரு சின்னக் குழி. பெரிய குழிகூட இல்ல. டமார்னு சத்தம், பின் வீல் இழுக்குது. நாப்பதுலதான் போயிட்டிருந்தேன், அதனால பொழச்சோம். இறங்கிப் பாத்தா மட்கார்டு நடுவுல மடிஞ்சு டயருக்குள்ள சொருகிக்கிட்டு நிக்குது. அம்மா முந்தானை ஓரம் அதுல மாட்டிக் கிழிஞ்சிருக்கு. முந்தானையோட போச்சு. கிளாம்பும் இல்ல, பிளேட்டும் இல்ல. அரை மணி நேரம் ரோட்டோரப் புல்லுல தேடினேன், கெடைக்கல. பக்கத்து வாய்க்கால்ல தண்ணி நெறைய போகுது.

மடிஞ்ச இடத்துல கறுப்புப் பூச்சு உரிஞ்சிருந்துச்சு. உள்ள மஞ்சள் கலர், அதுல சிவப்பு எழுத்து: "ளிகை". ஏதோ ஒரு மளிகைக் கடையோட பழைய தகர போர்டு! 18 கேஜுன்னா ஒண்ணே கால் மில்லிமீட்டர் கனம் இருக்கணும். இது விரலால அமுத்துனா நெளியுது. கிளாம்பு இருந்த இடத்துல முழுசா பத்தவெச்ச அடையாளமே இல்ல. மூணு புள்ளி வெச்சுட்டு, மிச்ச இடைவெளியில பட்டி போட்டுத் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சிருக்காரு. பின் லைட்டு ஒயரையும் தகட்டுக்கு அடியில நசுக்கித்தான் மாட்டியிருக்காரு. அது தோல் உரிஞ்சு ஃபியூஸும் போயிடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே உடைஞ்சதைத் தூக்கிட்டுப் போனேன். "குழியில விட்டா கம்பெனி சாமானே உடையும் தம்பி"ன்னாரு. எழுத்தைக் காட்டுனேன். "ஷீட்டு கடையில குடுத்ததுதான், அவன்கிட்ட கேக்கணும்." மறுநாள் போனா அண்ணன் இல்ல, திருச்சி போயிட்டாராம். போன் அடிச்சா பையன் எடுக்கிறான். நேத்து வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, அத்தோட சரி. 1915 நுகர்வோர் எண்ணுக்குப் போட்டா முதல் கேள்வியே பில் இருக்கான்னு. இதுக்கு நடுவுல பிளேட் இல்லாம ஓட்டுனதுக்கு ஐநூறு அபராதம். புது பிளேட்டுக்கு ஸ்டேஷன்ல புகார் குடுத்து, சிஎஸ்ஆர்னு அதுக்குக் குடுக்கிற ரசீதை வாங்கிட்டு வரச் சொல்றாங்க. 4,850 அது பாட்டுக்கு, இது தனி.

வயித்தெரிச்சல் என்னன்னா, நேத்து ராத்திரி வீட்டுலயே ஒரு கிளாம்பு செஞ்சேன். ஒரு இஞ்ச் இரும்புப் பட்டையை வைஸ்ல வெச்சு வளைச்சு, டிரில் போட்டு, ஆட்டத்துல கழலாத நைலாக் நட்டு முடுக்கி, பழைய டியூபை வெட்டி வாஷரா வெச்சேன். வெல்டிங்கே இல்ல. 140 ரூபாய். கல்லு மாதிரி நிக்குது.

விவரமா எழுதறேன்னு சொன்னேன்ல, கோவத்துல ஒண்ணும் ஓட மாட்டேங்குது. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி போய் வெறும் இரும்பாப் பாருங்க. பில் இல்லாம ஒத்த ரூபாய் குடுக்காதீங்க. ஸ்னாப் லாக்கை யாரையும் தொட விடாதீங்க. பின் லைட்டு ஒயரை நசுக்காம எப்படிக் கொண்டுபோறாங்கன்னு கேளுங்க. இவ்வளவுதான் ஞாபகம் வருது.

நாளைக்கு மறுபடியும் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வண்டியில வர மாட்டாங்களாம். பஸ்ஸுதான்.