ஸோயாவில் நானே கட்டிய பேட்ச்: இரண்டு ஆண்டு அனுபவம்

பினாங்கில் கோயில் பஜனைகளுக்கும் திருமண வரவேற்புகளுக்கும் கித்தார் வாசிப்பவன் நான். கனடாவின் எம்ப்ரெஸ் நிறுவனம் தயாரிக்கும் ஸோயா பெடலை (கித்தார் ஒலியை மாற்றும், காலால் இயக்கும் பெட்டி) வாங்கி இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. எட்டு வரிசை, ஐந்து அடுக்கு என 40 வண்ண பட்டன்களும் மூன்று கால்விசைகளும் கொண்ட இந்தப் பெட்டியில் ஆயத்த எஃபெக்ட்களை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆசிலேட்டர் (தொடர் ஒலியை எழுப்புவது), ஃபில்டர் (ஒலியின் சில அதிர்வெண்களைக் குறைப்பது), டிலே (எதிரொலி தருவது) போன்ற சிறு மாடியூல்களை நாமே இணைத்து நமக்கு வேண்டிய ஒலியை உருவாக்கிக்கொள்ளலாம்; அப்படி இணைத்த அமைப்புக்குப் பேட்ச் என்று பெயர். ஒரு பட்டனை அழுத்தியபடியே இன்னொன்றை அழுத்தினால் இரண்டுக்கும் இணைப்பு உண்டாகிவிடும். அந்த இணைப்பின் வலுவையும் கூட்டிக் குறைக்கலாம்.

நான் முதலில் கட்டியது சுருதிப் பகுதி. எங்கள் குழுவின் பாடகி ஐந்து கட்டையில் பாடுபவர், அதாவது ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். இரண்டு ஆசிலேட்டர்களை எடுத்து, ஒன்றை ஷட்ஜத்திலும் மற்றொன்றை, கீபோர்டில் இருப்பதுபோல 293.66 ஹெர்ட்ஸ் பஞ்சமத்திலும் வைத்து, உயர் அதிர்வெண்களைக் குறைக்க ஒரு லோ-பாஸ் ஃபில்டரைச் சேர்த்தேன். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஏறத்தாழ ஒன்றரை நொடிக்கு ஒருமுறை ஒலி மெல்ல ஏறி இறங்கியதை மிருதங்கம் வாசிக்கும் அண்ணன்தான் முதலில் கவனித்தார். "சுருதி அசையுதே தம்பி" என்றார். ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மடங்குகளும் மெல்லக் கலந்து ஒலிக்கும். ஷட்ஜத்தின் மூன்றாம் மடங்கு 588, பஞ்சமத்தின் இரண்டாம் மடங்கு 587.32, இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடே அந்த அசைவுக்குக் காரணம். பஞ்சமத்தைச் சரியாக ஒன்றரை மடங்கான 294 ஹெர்ட்ஸுக்கு ஏற்றியதும் அசைவு நின்றது. சுருதிப் பெட்டியை விட்டுவிட்டு இதை நம்பலாம் என்ற துணிவு எனக்கு அன்றுதான் வந்தது.

அதிக நாள் எடுத்தது டிலே. ஸோயாவின் அடிப்படை டிலே மாடியூலில் ஃபீட்பேக் கிடையாது. வெளிவரும் ஒலியை நாமே மீண்டும் உள்ளே திருப்பிவிட வேண்டும். தொடக்கத்தில் அந்தத் திருப்பு இணைப்பின் அளவை முழுமையாக, அதாவது 0 டெசிபெலில் விட்டுவிட்டேன். நவராத்திரி பஜனை ஒன்றில் எதிரொலி அடங்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, பாடகியின் குரலையே மூடிவிட்டது. அந்தப் பாடலை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. இப்போது அந்த இணைப்பு மைனஸ் 6 டெசிபெலில் இருக்கிறது. ஒவ்வொரு எதிரொலியும் முந்தியதன் பாதி வீச்சோடு வருவதால் நான்கைந்து முறைக்குள் கரைந்துவிடுகிறது. அதே வளையத்துக்குள் ஒரு ஃபில்டரையும் வைத்திருப்பதால், எதிரொலி ஒவ்வொரு சுற்றிலும் சற்று மங்கலாகிப் பாட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. ஒரு தட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைப் பாடல்களுக்குத் தனி டிலே வைத்திருக்கிறேன்: நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லிநொடி, அதில் மூன்றில் இரண்டு பங்கு 333. மிருதங்கத்தின் ஒரு தட்டில் மூன்றாவது மாத்திரையில் எதிரொலி சரியாகப் போய் உட்காரும்போது கிடைக்கும் நிறைவை எழுத்தில் சொல்வது கடினம்.

பேட்ச் எவ்வளவு சிபியு (பெடலின் செயலித் திறன்) பயன்படுத்துகிறது என்பதைப் பெடலே விழுக்காட்டில் காட்டிவிடுகிறது. பெரிய மண்டபத்தில் ஒலிப்பது போன்ற முழக்கம் தரும் ரிவர்ப் மாடியூல்கள் அதிகம் விழுங்கும். இரண்டு ரிவர்ப், சுருதியை ஏற்றி இறக்கும் ஒரு பிட்ச் ஷிஃப்டர், ஒலியைச் சிறு துணுக்குகளாக்கும் ஒரு கிரானுலர் என்று நிரப்பியிருந்த நான், ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு ரிவர்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன். மேடையில் கண் பாடகியின் மேலும் தாளத்தின் மேலும் இருக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் எந்த பட்டன் என்று குனிந்து தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆகவே இடது கால்விசைக்குச் சுருதி, நடுவிசைக்கு டிலே, வலதுக்குத் திஸ்ர டிலே என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

மின்சாரம் குறித்து ஒரு சொல். எல்லா பெடல்களையும் ஒரே மலிவு அடாப்டரில் தொடராக இணைத்திருந்த காலத்தில், சுருதியோடு சேர்ந்து ஓர் இரைச்சலும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியே பிரித்துத் தரும் பவர் சப்ளைக்கு மாறிய பின் அது போயிற்று. வாங்குபவர்கள் அதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்கிவைப்பது நல்லது.

ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் பேட்சை எஸ்டி கார்டில் படியெடுத்துவிடுகிறேன். அடுத்த மாதம் ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகர் ஒருவர் குழுவில் சேர்கிறார். ஷட்ஜத்தை மாற்றினால் பஞ்சமமும் தானாகவே ஒன்றரை மடங்கில் பின்தொடரும்படி இணைப்பை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.