காலிக் கோட்டை மதிலுக்கு டிக்கெட் கிடையாது, கேட்டால் கொடுக்காதீர்கள்

இலங்கை போகிறவர்கள் பலரும் கொழும்பிலிருந்து ரயிலேறி ஒரு நாள் காலிக்குப் போய்வருகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலிக் கோட்டை மதில்மேல் ஏறி நடக்கக் கட்டணமே இல்லை. உள்ளே இருக்கும் கடல்சார் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குத்தான் டிக்கெட். இது தெரியாதவர்களுக்காகவே வாசலில் ஆள் காத்திருக்கிறது.

ரயில் நிலையத்திலிருந்து கோட்டை நடக்கிற தூரம்தான். கிரிக்கெட் மைதானம் தாண்டி, ஆங்கிலேயர் 1873இல் திறந்த பெரிய வாசலை நெருங்கும்போது கழுத்தில் அட்டை தொங்க ஒருவர், "அண்ணே, தமிழா? இந்தியாவில எந்த ஊரு?" என்று வந்தார். அட்டையில் போட்டோ, சிங்களத்தில் நாலு வரி, நமக்கு என்ன புரியும்? வெளிநாட்டுக்காரர்களுக்கு மதில் டிக்கெட் தலைக்கு 2,500 ரூபாய், கைடு அதிலேயே அடக்கம் என்று சொல்லி, ரசீதுப் புத்தகத்திலிருந்து மூன்று தாளைக் கிழித்து நீட்டினார். வரிசை எண் அச்சடித்திருந்தது, எந்தத் துறையின் பெயரும் இல்லை. 7,500 இலங்கை ரூபாய் அங்கேயே போயிற்று.

மணிக்கூண்டுப் பக்கம் ஏறினோம். நிலத்தைப் பார்த்து நிற்கும் சூரியன், சந்திரன், நட்சத்திரக் கொத்தளங்களில் பத்து நிமிடம்கூட நிற்கவிடவில்லை, வெயில் வெயில் என்று கீழே ஒரு சந்துக்கு இறக்கிவிட்டார். "ரத்தினக் கண்காட்சி, டிக்கெட்டோட ஃப்ரீ அண்ணே." முன்னறையில் சுரங்க மாதிரி ஒன்று, இனிப்பான தேநீர், பின்னறையில் கடை. அங்கே கல்லா ஆள் ஒரு நீலக்கல்லை எடுத்துக் கண்ணாடித் துண்டில் கீறிக் காட்டினார், கண்ணாடியில் கோடு விழுந்தது, கல்லில் ஒன்றும் இல்லை. அப்புறம் இடுக்கியில் பிடித்து லைட்டர் நெருப்பில் வாட்டினார், கல் அப்படியே இருந்தது. "போலின்னா வெடிச்சிருக்கும் அக்கா." அரசாங்க வரித் தள்ளுபடி இன்றோடு முடிகிறதாம். அக்கா 45,000 கொடுத்து வாங்கிவிட்டாள்.

ஊருக்கு வந்து ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால், செயற்கை நீலக்கல். ஆலையில் அலுமினிய ஆக்சைடுத் தூளை நெருப்பில் உருக்கி வளர்ப்பது, நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது, விலை மிகச் சொற்பம். வேதியியலில் இரண்டும் ஒரே பொருள், கடினமும் ஒன்றே, அதனால் கீறினாலும் வாட்டினாலும் இயற்கைக் கல் போலவேதான் நிற்கும். அந்த வித்தை எதையும் நிரூபிக்காது என்பது கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். பரிசோதித்தவர் பூதக்கண்ணாடியில் உள்ளே வளைந்து ஓடும் கோடுகளையும் குட்டிக் குமிழ்களையும் காட்டினார், இயற்கைக் கல்லில் கோடு நேராக இருக்குமாம். இலங்கையில் கல் வாங்கியே தீருவேன் என்றால், கொழும்பில் தேசிய ரத்தின, ஆபரண அதிகார சபையில் சோதித்த பிறகுதான் பணம் என்று கடையில் சொல்லிப் பாருங்கள். முகம் மாறினால் எழுந்துவிடுங்கள்.

கைடு மேல் எங்களுக்குச் சந்தேகம் வந்தது கடைக்குப் பிறகுதான். பழைய வாசலின் உட்புறம், இரண்டு சிங்கங்களுக்கு நடுவே டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை, உச்சியில் சேவல், 1669 என்ற வருடம், எல்லாம் கல்லில் தெளிவாக இருக்கிறது. அதைக் காட்டி "கண்டி ராஜாவோட சின்னம்" என்கிறார்! நான் மும்மொழிக் கல்வெட்டைப் பற்றிக் கேட்டேன். சீனக் கடற்தளபதி செங் ஹே 1409இல் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கச் செய்த கல், தமிழ்ப் பகுதியில் தேனாவரை நாயனார் என்ற கடவுளுக்குக் கொடுத்த காணிக்கைகள் வருகின்றன. காலியில்தான் 1911இல் கிடைத்தது. அதைக் கோட்டைக்குள்ளே பூட்டி வைத்திருக்கிறார்கள், காவலாளிக்கு 1,000 கொடுத்தால் திறப்பார் என்றார் கைடு. அந்தக் கல்லை முந்தின நாள்தான் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அதைச் சொன்னதும் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தவர்தான், திரும்பவில்லை.

ஒரு விதத்தில் அதுவும் நல்லதாயிற்று. கலங்கரை விளக்கம் பக்கம் நாங்களாகவே நிம்மதியாக நடந்தோம். கொடிப்பாறையில் கடலுக்குள் குதித்துக் காட்டுகிறவர்கள் காசு கேட்பார்கள், அது ஏமாற்று இல்லை, ஆனால் தொகையை முன்பே பேசிவிடுங்கள்.

உரிமம் பெற்ற கைடுகளுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அட்டை கொடுக்கிறது, அதைக் கையில் வாங்கிப் பார்த்துப் போட்டோ எடுங்கள். சுற்றுலாத் துறையின் உதவி எண் 1912. எங்கள் புகாரில் ரசீதுகளின் படத்தையும், அந்தக் கைடு சேவலைக் காட்டி விளக்கும் வீடியோவையும் அனுப்பியிருக்கிறோம். கடை கொடுத்த பில்லில் "நீலக் கல் 1" என்று மட்டும் இருக்கிறது, இயற்கை என்ற சொல்லே இல்லை, பணம் திரும்ப வருவது கஷ்டம்தான்.