உதடுகள் மறைக்காத உண்மை: பீட்டில்ஸின் '1+' தொகுப்போடு சில ஆண்டுகள்

பிரிட்டிஷ் இசைக்குழு பீட்டில்ஸின் '1+' ப்ளூ-ரே தொகுப்பு விலை குறைந்து கிடைக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 2015 நவம்பரில் வந்த தொகுப்பு அது. இரண்டு காணொளி வட்டுகளில் 50 பாடல் படங்கள் இருக்கின்றன. படச்சுருள்களைப் புதிதாக வருடி (ஸ்கேன் செய்து), சட்டகம் சட்டகமாகக் கீறலும் தூசியும் நீக்கியிருக்கிறார்கள். பாடல்களை, குழுவின் அன்றைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகக் கலவை (மிக்ஸிங்) செய்திருக்கிறார். இவையெல்லாம் ரசிகர்களுக்குத் தெரிந்தவை. ஆண்டுக்கணக்கில் இதைப் போட்டுப் பார்த்த பிறகு என் மனத்தில் தங்கியிருப்பது வேறு ஒரு விஷயம். படம் எவ்வளவு துலக்கமாகிறதோ, குழுவினர் பாடாமல் வாயசைப்பது அவ்வளவு அப்பட்டமாகத் தெரிகிறது.

இதற்கு மிகச் சிறந்த சாட்சி, 1966 மே மாதம் லண்டனின் சிஸ்விக் ஹவுஸ் தோட்டத்தில் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் இயக்கத்தில் எடுக்கப்பட்ட 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ரெயின்' ஆகிய இரண்டு படங்கள்தான். செடிகொடிகளின் பச்சையும் முகங்களின் நிறமும் நேற்றுப் படம்பிடித்தவை போல இருக்கின்றன. 'ரெயின்' படத்தில் பால் மெக்கார்ட்னியின் முன்பல் உடைந்திருப்பதைக் கூட, தேட வேண்டிய தேவையே இல்லாமல் பார்க்க முடிகிறது. முந்தைய டிசம்பரில் மொபெட்டிலிருந்து விழுந்ததில் உடைந்த பல் அது. பழைய மங்கிய பிரதிகளில் இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்மையான பக்தர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பல்லைக் காட்டும் அதே தெளிவு, ஒலிபெருக்கி ஒன்றுகூட இல்லாத தோட்டத்தில் மின் கிதார்கள் முழங்குவதையும், முரசு வாசிக்கும் ரிங்கோ ஸ்டார் முன்னால் முரசே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதையும் சேர்த்தே காட்டுகிறது. 'ரெயின்' பாட்டின் உயிரே அந்த முரசொலிதான் என்பதையும், புதிய கலவையில் அது முன்பைவிடக் கனமாக ஒலிக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், காதுக்கும் கண்ணுக்கும் நடுவே விழும் பள்ளம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். மங்கலான படமும் ஒற்றைத்தட (மோனோ) ஒலியும் ஒன்றோடொன்று ஒத்துப்போயிருந்தன. இரண்டையும் தனித்தனியாகத் துலக்கியபோது அந்த ஒப்பந்தம் முறிந்துவிட்டது. அக்காலத்தின் ஒற்றைத்தட ஒலியைத் தேர்ந்து கேட்கும் வசதியை வட்டில் வைத்திருந்தால் என் புகாரில் பாதி தீர்ந்திருக்கும். அதை வைக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

பின்னணிப் பாடலிலேயே ஊறிய நமக்கு வாயசைப்பு ஒரு குறையா என்று கேட்கலாம். குறை இல்லைதான். ஆனால் நடிகர் பாடகர் இல்லை என்பது நமக்கு முன்பே தெரியும். இங்கோ பாடியவர்களே தங்கள் பாட்டுக்குத் தாங்களே நடிக்கிறார்கள். அந்த நடிப்பில் அவர்களுக்கு ஈடுபாடு இல்லை என்பது கண்ணில் தெரியும்போது ஏற்படும் உறுத்தல் வேறு வகையானது.

1965 நவம்பர் 23 அன்று ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோவில் ஒரே நாளில் ஐந்து பாடல்களுக்குப் பத்துப் படங்களை எடுத்துத் தள்ளினார்கள். தொலைக்காட்சி நிலையங்களுக்கு நேரில் போய் அலைவதைவிட நாடாவை அனுப்பிவிடுவது சுலபம் என்ற கணக்கு. அவை படச்சுருளில் அல்லாமல் கறுப்பு வெள்ளை வீடியோ நாடாவில் பதிவானவை. படச்சுருளில் உறங்கும் நுணுக்கத்தைப் புதிய வருடியால் எழுப்பலாம். நாடாவிலோ அன்று பதிவான கோடுகளுக்கு மேல் எதுவும் இல்லை, எனவே எந்த மறுசீரமைப்பும் ஓர் எல்லையோடு நின்றுவிடும். தொகுப்பில் பார்க்க மிகவும் சுமாரான படங்கள் இவைதான், நான் மிகுதியாகப் பார்த்தவையும் இவைதான். 'ஐ ஃபீல் ஃபைன்' பாட்டில் ரிங்கோ உடற்பயிற்சி சைக்கிளை மிதிக்கிறார். ஜார்ஜ் ஹாரிசன் குத்துச்சண்டைப் பயிற்சிப் பந்தை ஒலிவாங்கியாக்கிப் பாடுகிறார். 'ஹெல்ப்!' பாட்டில் நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, ரிங்கோ குடை பிடிக்கிறார், கடைசியில் போலிப் பனி கொட்டுகிறது. 'வீ கேன் வொர்க் இட் அவுட்' பாட்டில் ஹார்மோனியத்தின் முன் அமர்ந்திருக்கும் ஜான் லெனன் கோணங்கி முகம் காட்ட, பால் சிரிப்பை அடக்கப் பாடுபடுகிறார். வாயசைப்பை அவர்களே கேலி செய்துவிட்டதால் நமக்குக் குறை சொல்ல இடமே இல்லாமல் போகிறது.

இந்தத் தொகுப்பின் ஆகப் பெரிய வேடிக்கை 'லேடி மடோனா'. 1968 பிப்ரவரி 11 அன்று அந்தப் பாட்டுக்கான விளம்பரப் படம் எடுக்க ஒளிப்பதிவாளர்கள் இ.எம்.ஐ. ஸ்டுடியோவுக்கு வந்தார்கள், குழுவினரோ அந்த நேரத்தை வீணாக்காமல் 'ஹே புல்டாக்' என்ற வேறொரு பாட்டைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காட்சிகளை வெட்டி ஒட்டி 'லேடி மடோனா'வின் மேல் போர்த்தி உலகம் முழுவதும் அனுப்பிவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1999இல், அதே காட்சிகளை உரிய பாட்டோடு பொருத்தி மறுதொகுப்பு செய்தபோதுதான் அந்த உதடுகள் உண்மையில் எதைப் பாடின என்பது பலருக்குத் தெரிந்தது. '1+' தொகுப்பில் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. முதலில் 'லேடி மடோனா'வைப் பார்த்துவிட்டு உடனே 'ஹே புல்டாக்'கைப் பாருங்கள். முதலாவதில் ஏதோ தூக்கத்தில் இருப்பவர்களைப் போலத் தோன்றிய அதே நால்வர், இரண்டாவதில் திடீரென்று விழித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முடுக்கிவிடுவதைக் காண்பீர்கள். அத்தனை காலமும் உதடுகள் அங்கேதான் இருந்தன. ஒலிதான் தவறாக இருந்தது.

பிரிட்டனின் இசைக் கலைஞர்கள் சங்கம் தொலைக்காட்சியில் வாயசைப்பதற்கு 1966இல் தடை கொண்டுவந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1967 நவம்பரில் லண்டனின் சாவில் அரங்கில் பால் இயக்கிய 'ஹலோ, குட்பை' படம் பளபளக்கும் உடைகளோடு பிரமாதமாக இருந்தும் பி.பி.சி.யில் ஓடாமல் போனதற்கு இந்தத் தடையே காரணம். மறு ஆண்டு செப்டம்பர் 4 அன்று 'ஹே ஜூட்' எடுத்தபோது, முன்பே பதிவான இசைக்கு மேல் குரலை மட்டும் நேரடியாகப் பாடிச் சட்டத்தைச் சமாளித்தார்கள். வித்தியாசம் முதல் வரியிலேயே தெரிகிறது. பாலின் தொண்டையும் கண்ணும் ஒரே வேலையில் இருக்கின்றன. கடைசியில் பொதுமக்கள் மேடையேறி அவர்களைச் சூழ்ந்து நின்று பாடும் பகுதியில் எங்கே பார்த்தாலும் உண்மையான வாய்கள். ஒரு தொழிற்சங்க விதிக்கு ரசிகர்கள் இவ்வளவு கடன்பட்டிருப்பது அபூர்வம்.

யாருமே வாயசைக்காத 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இந்தச் சிக்கலுக்குள் வருவதே இல்லை. மறுசீரமைப்பால் முழுப் பயன் பெற்ற படம் எது என்றால் அதையே சொல்வேன்.

திரைப்படங்களுக்கு வந்தால், ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய 'எ ஹார்ட் டேஸ் நைட்' 1964லேயே இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. ரயிலின் சரக்குப் பெட்டியில் சீட்டாடிக்கொண்டிருப்பவர்களின் கைகளில் திடீரென்று இசைக்கருவிகள் முளைக்கின்றன; எங்கிருந்து வந்தன என்று கேட்பவரைப் படம் பொருட்படுத்துவதே இல்லை. திறந்த மைதானத்தில் அவர்கள் குதித்தோடும் காட்சியில் பாட்டு பாட்டுக்கு ஓடுகிறது, உதடுகள் சும்மா இருக்கின்றன. 2014இல் வந்த 4கே மறுசீரமைப்பும் படச்சுருளின் துகள்தன்மையை (கிரெயின்) அழிக்காமல் விட்டிருக்கிறது. குழுவின் 1969 ஒத்திகைகளையும் பதிவுகளையும் காட்டும், 2021இல் பீட்டர் ஜாக்சன் தந்த 'கெட் பேக்' ஆவணத் தொடரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. துகள்களை அதிகமாகவே வழித்துவிட்டதால் சில முகங்களில் மெழுகு பூசியதைப் போன்ற மினுமினுப்பு. அதோடு, 1969 ஜனவரியில் ஒலிநாடாக்கள் ஓடிய அளவுக்குப் படக்கருவிகள் ஓடவில்லை: ஒலி 150 மணி நேரத்துக்கு மேல், காட்சி ஏறத்தாழ 60 மணி நேரம். காட்சி இல்லாத உரையாடல்களுக்கு முதுகுகளையும் தூரத்து முகங்களையும் வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். இந்த வித்தை பழகிய பிறகு, யாராவது திரும்பி நின்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இருந்தும், பால் தன் பேஸ் கிதாரைத் தட்டித் தட்டி ஒன்றுமில்லாததிலிருந்து அந்தத் தலைப்புப் பாட்டைப் பிடித்து இழுக்க, எதிரே ஜார்ஜ் கொட்டாவி விடும் காட்சிக்கு எந்த விளம்பரப் படமும் ஈடாகாது.

ஒளிப்பட நேர்த்தியில் '1+' தொகுப்பை விஞ்சும் பாடல் தொகுப்பை நான் பார்த்ததில்லை. ஆயினும் இன்றைய மனநிலையில் அதை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, லெஸ்டரின் படத்தை வாங்குங்கள் என்றே சொல்வேன். கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், 27 பாடல்கள் மட்டுமே உள்ள சிறிய பதிப்பைத் தொடாதீர்கள். 'ரெயின்', 'ஹே புல்டாக்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' மூன்றும் இரண்டாவது வட்டில்தான் இருக்கின்றன.