சூப்பர் ஹீரோ கூட்டணிக்கு மோகேப்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிவது

ஒற்றை நாயகனுக்கு மோஷன் கேப்சர் (சுருக்கமாக மோகேப்: நடிகரின் அசைவைப் பதிந்து கணினிப் பாத்திரத்தின் மேல் ஏற்றுவது) எடுப்பது வேறு, ஆறு பேர் சேர்ந்து அடித்துக்கொள்ளும் காட்சிக்கு எடுப்பது வேறு. நடை, ஓட்டம், நிற்கும் தோரணை எல்லாம் சில டேக்குகளிலேயே வந்துவிடும். இருவர் கைகலக்கும்போதுதான் தகராறு.

ஆப்டிகல் முறையில், அதாவது உடம்பில் ஒட்டிய மார்க்கர் புள்ளிகளைச் சுற்றிலும் உள்ள கேமராக்கள் பின்தொடரும் முறையில், ஆளுக்குச் சுமார் 50 மார்க்கர். ஒருவர் மற்றவரை இறுகப் பிடித்தால் நெஞ்சிலும் தோளிலும் இருப்பவை கேமராக்களுக்கு மறைந்துவிடும். பிரிந்ததும் ஒருவரின் முழங்கை மார்க்கரை மற்றவருடையது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். கை திடீரென்று துள்ளுவது பெரும்பாலும் இதனால்தான். ஆளுக்கு ஆள் மார்க்கர் இடங்களை மாற்றி, இடமும் வலமும் ஒன்றுபோல் இல்லாமல் ஒட்டினால் இந்தக் குழப்பம் நன்றாகக் குறையும். ஆறு பேரையும் ஒன்றாக இறக்க வேண்டாம். தொட்டுச் சண்டையிடும் இருவரைச் சேர்த்து எடுங்கள். மற்றவர்களை அதே தொடக்கப் புள்ளியை வைத்துத் தனியே எடுங்கள்.

இன்னொரு வழி சென்சார் சூட், அதாவது அசைவை அளக்கும் சென்சார்கள் பதித்த உடை. அதில் மறைவுப் பிரச்சினையே இல்லை. எக்ஸ்சென்ஸ் நிறுவனத்தின் முழு உடல் சூட்டில் 17 சென்சார். சுற்றிலும் கேமரா நிறுத்தும் செலவும் மிச்சம். ஆனால் ஆள் நிற்கும் இடத்தை அது கணித்துத்தான் சொல்கிறது. டேக் நீள நீளப் பிழை சேர்ந்து, முகத்தில் விழ வேண்டிய குத்து ஒரு சாண் தள்ளி விழும். அருகில் இரும்புச் சாரமோ மேடையோ இருந்தால் காந்த சென்சாரும் தடுமாறும். முன்னோட்டக் காட்சிக்கு அருமை, மல்லுக்கட்டுக்கு ஆகாது.

ராட்சதப் பாத்திரத்தில்தான் உண்மையான உழைப்பு. ஆறடி நடிகரின் அசைவை ஒன்பதடி உடம்பில் அப்படியே ஏற்றினால் ரப்பர் பொம்மை போலத் தாவும். விழுவதற்கு ஆகும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தின்படி கூடும்; எனவே 1.5 மடங்கு உயரத்துக்கு நேரத்தைச் சுமார் 1.2 மடங்கு நீட்டினால் எடை தெரியும். காலடிக்கும் தாவலுக்கும் மட்டும் நீட்டுங்கள். வசனம் பேசும் இடத்தில் நீட்டினால் வாய் இழுக்கும். பாதம் தரையில் வழுக்குவதை எப்படியும் கையால் திருத்தியாக வேண்டும்.

பார்வைக் கோடும் இங்கே சேர்ந்துகொள்ளும். 2018-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படப்பிடிப்பில் ராட்சத வில்லன் தானோஸாக நடித்த ஜோஷ் ப்ரோலினின் தலைக்கு மேலே தானோஸ் முகத்தின் அட்டை நின்றது, எதிரே நடிப்பவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்காக. எளிய வழி, ஆனால் விட்டுவிட்டால் பின்னால் சரிசெய்யவே முடியாத தவறு. அதே படத்தில் வரும் ராக்கெட் என்ற ரக்கூன் பாத்திரத்தை அனிமேட்டர்கள் ஃபிரேம் ஃபிரேமாக அசைத்தார்கள். மனித அளவுகளுக்கு ஒட்டாத உடம்புக்கு இன்றும் அதுவே சரி.

முகத்துக்கான ஹெல்மெட் கேமரா சண்டையில் ஆடும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே உதடு அசைந்ததாகக் கணக்காகும். முக நடிப்பை நிதானமான தனி டேக்கில் எடுப்பது நல்லது.

படக் கேமரா வினாடிக்கு 23.976 ஃபிரேமில் ஓடினால் மோகேப்பை 120-இல் விடாதீர்கள், அதன் சரியான ஐந்து மடங்கான 119.88 வையுங்கள். இல்லையேல் 100 வினாடி டேக்கில் இரண்டு பட ஃபிரேமுக்கு மேல் விலகிவிடும்.

மேலங்கி மோகேப்பில் வராது, துணியின் அசைவைக் கணினியே கணக்கிடும் துணி சிமுலேஷன்தான். அதற்காக ஒவ்வொரு டேக்கின் முன்னாலும் டி-போஸிலிருந்து (கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் நிலை) முதல் நிலைக்கு வர 50 ஃபிரேமாவது சேருங்கள். சேர்க்காவிட்டால் முதல் ஷாட்டிலேயே துணி உடம்புக்குள் புகுந்துகொள்ளும்.