மனநல வார்டில் முதலில் மாற வேண்டியது எது: பணிமுறையா, பேச்சுமுறையா?

மனநல உள்நோயாளர் வார்டுகளைச் சீர்படுத்த இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் பரவிய இரண்டு திட்டங்களில், ஒன்று செவிலியரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. மற்றது, செவிலியர் நோயாளியிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையே மாற்ற முனைகிறது. பணமும் பயிற்சி நேரமும் ஒன்றுக்குத்தான் போதும் என்ற நிலையில் உள்ள நிர்வாகம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

முதலாவது, 2007இல் அறிமுகமான 'புரொடக்டிவ் வார்டு'. டொயோட்டா தொழிற்சாலையில் உருவான, வீண்வேலையைக் குறைக்கும் 'லீன்' முறையைத் தழுவி, பொருள்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் ஒரே பலகையில் காட்டுவது, பணிமாற்றத்தின்போது தகவலைச் சுருக்கமாக ஒப்படைப்பது போன்றவற்றை இது கற்றுத் தருகிறது. மனநல வார்டுகளுக்கெனத் தனிப் பதிப்பும் வந்தது. தேடுவதிலும் எழுதுவதிலும் கழியும் நேரம் நோயாளிக்குக் கிடைக்கும் என்பதே இதன் வாக்குறுதி. ஆனால் மிச்சமாகும் நேரம் தானாக நோயாளியிடம் போய்ச் சேர்வதில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் செவிலியர் அறையிலேயே அது கரைந்துவிடவும் கூடும்.

இரண்டாவது, மனநலச் செவிலியப் பேராசிரியர் லென் பவர்ஸ் தலைமையில் உருவான 'சேஃப்வார்ட்ஸ்'. மோதல் வெடித்த பிறகு அடக்குவதைவிட, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதே இதன் அடிப்படை. வெளியே சென்றுவரக் கேட்ட விடுப்பு மறுக்கப்பட்டது, வருவதாகச் சொன்ன உறவினர் வரவில்லை என்பன போன்ற செய்திகளை நோயாளியிடம் எப்போது, எப்படிச் சொல்வது என முன்கூட்டியே திட்டமிடுவது இதன் பத்து நடவடிக்கைகளுள் ஒன்று. வீடு திரும்புவோர், புதிதாக வருவோருக்காக நம்பிக்கை தரும் வரிகளை எழுதிவிட்டுச் செல்வது இன்னொன்று. வேண்டுகோளை மறுக்கும்போது எந்தச் சொற்களைப் பயன்படுத்துவது என்பதற்கும் குறிப்புகள் உண்டு. அனுபவமுள்ள செவிலியருக்கு இவை சிறுபிள்ளைப் பாடமாகத் தோன்றலாம். ஆயினும் லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் நடந்து, 2015இல் வெளியான, வார்டுகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வில், ஒப்பீட்டு வார்டுகளைக் காட்டிலும் மோதல்கள் 15 சதவீதமும், தனிமைப்படுத்தல், வலுக்கட்டாய மருந்து போன்ற கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26.4 சதவீதமும் குறைந்திருந்தன. பணிநேர முடிவில் ஊழியர்களே நிரப்பிய படிவங்களிலிருந்து இந்த எண்ணிக்கை பெறப்பட்டது என்பதால் சற்று எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். எனினும் நேரச் சேமிப்பைவிட நோயாளியின் அனுபவத்துக்கு நெருக்கமான அளவுகோல் இதுவே.

இவ்விரண்டுக்கும் வெளியே, தனிமைப்படுத்தலையும் கட்டிவைத்தலையும் குறைக்க அமெரிக்காவில் உருவான 'ஆறு முதன்மை உத்திகள்' வார்டைவிட நிர்வாகத்தின் மீதே அதிகப் பொறுப்பைச் சுமத்துகின்றன: ஒவ்வொரு தனிமைப்படுத்தலையும் மேலதிகாரிகள் ஆராய வேண்டும், எண்ணிக்கைகளை வெளிப்படையாகப் பார்க்க வேண்டும். பின்லாந்தில் இவற்றைக் கடைப்பிடித்த வார்டுகளில், தனிமைப்படுத்தல், கட்டிவைத்தல் அல்லது அறைக்கண்காணிப்பு நிகழ்ந்த நோயாளி-நாள்களின் பங்கு 30 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியது. ஒப்பீட்டு வார்டுகளில் அது 25இலிருந்து 19 ஆயிற்று.

என் தேர்வு சேஃப்வார்ட்ஸ். புரொடக்டிவ் வார்டிலிருந்து நிலைப்பலகையையும் பணிமாற்ற ஒழுங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஏனெனில் யாருக்கு இன்று கெட்ட செய்தி காத்திருக்கிறது என்பது பணிக்கு வரும் செவிலியருக்குத் தெரியாத வார்டில், அதைப் பக்குவமாகச் சொல்லும் பயிற்சி பயன்படாது.