கேள்வி எங்கே ஒட்டுகிறது? எஸ்பெராண்டோவும் கிளிங்கனும்

1887-இல் சாமென்ஹோஃப் வெளியிட்ட செயற்கை மொழியான எஸ்பெராண்டோவில் ‘லா காடோ வீதாஸ் லா ஹுண்டோன்’ என்றால் ‘பூனை நாயைப் பார்க்கிறது’. ஹுண்டோனின் கடைசி ‘ன்’ நம் ‘ஐ’ வேலையைச் செய்கிறது. அதனால் சொற்களை முன்பின்னாக மாற்றினாலும் பொருள் கெடாது. கேள்வியாக்க, தொடக்கத்தில் ‘ச்சு’ சேர்த்தால் போதும். போலந்து மொழியின் ‘ச்சி’யிலிருந்து வந்த சொல் அது.

‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அறிவியல் புனைகதைப் படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கன் மொழியில் நம் ‘ஐ’ போல செயப்படுபொருளைக் காட்டும் உருபு கிடையாது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற வரிசைதான் எல்லாம். ‘புக் லெக் யஷ்’ என்றால் ‘அதிகாரி குழந்தையைப் பார்க்கிறார்’. இடம் மாற்றி ‘யஷ் லெக் புக்’ என்றால் பார்ப்பது குழந்தை!

ஆனால் கேள்வி கேட்கும்போது கிளிங்கன்தான் நமக்கு நெருக்கம். ‘லெக்’ வினையோடு ‘ஆ’ சேர்ந்தால் கேள்வி: ‘பார்க்கிறாரா?’ என்பதேதான். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. ‘யார்’ என்பதும் அங்கே பதில் வரவேண்டிய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். எஸ்பெராண்டோவில் அது வழக்கமாக முன்னுக்கு வந்துவிடும்.

கற்க எளிது எஸ்பெராண்டோ. ஆனால் வினாவுக்கு என் ஓட்டு கிளிங்கனுக்கே. நம் ‘ஆ’வோ இன்னும் தாராளம்: ‘பூனையா பார்க்கிறது?’, ‘நாயையா பார்க்கிறது?’ என ஏறக்குறைய எந்தச் சொல்லிலும் ஒட்டும்.