பிரஸ் ஸ்டார்ட் 2பி: 16-க்கும் 32-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை

முதல் கேம் செய்துகொண்டிருக்கும் தம்பி ஒருவர், "மெனுவுக்கும் தலைப்புக்கும் பிரஸ் ஸ்டார்ட் 2பி ஃபான்ட் போடலாமா அண்ணா?" என்று கேட்டிருந்தார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல மனசு வரவில்லை. சில வருடங்களாக என் கேம்களில் ஸ்கோர், மெனு, தலைப்பு எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஃபான்ட்தான்.

கோட்மேன்38 என்ற பெயரில் இயங்கும் வடிவமைப்பாளர், 1980-களில் நாம்கோ நிறுவனத்தின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) கேம்களில் வந்த எழுத்தை வைத்து உருவாக்கியது என்பது தெரிந்ததே. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது, காசுக்கு விற்கும் கேமிலும் போட்டுக்கொள்ளலாம்.

என்னைப் பாடாய்ப் படுத்துவது இதன் அளவு. எல்லா எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் வரைந்தவை. அதனால் 8, 16, 24, 32 பிக்சல் என்று எட்டின் மடங்கில் வைத்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். 20 வைத்துப் பாருங்கள். ஃபான்டின் ஒரு புள்ளிக்குத் திரையில் இரண்டரைப் பிக்சல் வேண்டும், அரைப் பிக்சலுக்கு எங்கே போவது? ஆங்கில 'இ'யின் மூன்று படுக்கைக் கோடுகளில் நடுக்கோடு ஒரு தடிமன், மேலும் கீழும் உள்ளவை வேறு தடிமன் என்று ஆகிவிடும். ஓரத்தை மென்மையாக்கும் ஆன்டி அலையாசிங்கைப் போட்டால் தடிமன் ஒன்றாகத் தெரியும், ஆனால் ஓரமெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

சரி, மடங்கிலேயே வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் மடிக்கணினிகளில் பல, கடையிலிருந்து வரும்போதே 125 சதவீத ஸ்கேலிங்கில்தான், அதாவது திரையில் எல்லாவற்றையும் அந்த அளவு பெரிதாக்கிக் காட்டும் அமைப்பில்தான், வருகின்றன. உலாவியில் ஓடும் கேமில் நீங்கள் வைத்த 16 அங்கே 20 ஆகிவிடும். 24 வைத்தால் 125-இல் 30, 150-இல் 36, இரண்டுமே எட்டின் மடங்கு இல்லை. 32 மட்டும்தான் தப்பிக்கிறது: 40, 48, 56 என்று 175 சதவீதம் வரை சுத்தமாக வரும்.

அப்படியானால் எல்லாவற்றையும் 32-இல் வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் இதன் அகலம் குறுக்கே நிற்கிறது. எல்லா எழுத்துக்கும், இடைவெளிக்கும்கூட, உயரம் எவ்வளவோ அவ்வளவு அகலம். 'செலக்ட் பிளேயர்' என்பது ஆங்கிலத்தில் இடைவெளியோடு 13 இடம். 32-இல் 416 பிக்சல் ஆகிறது, என் மெனுப் பெட்டியோ 360 தான். 24-இல் 312, அழகாக உட்காரும், ஆனால் ஸ்கேலிங்கில் சிதையும். 16-இல் வைத்தால் தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. போன வாரம் ஒரு நிகழ்ச்சியில் அவர்கள் கொடுத்த மடிக்கணினியில் கேமைத் திறந்ததும் மெனு முழுக்கப் பிசிறடித்து நின்றது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கேம் உருவாக்கும் மென்பொருளான எஞ்சின் பக்கம் வேலை குறைவு. கோடோ எஞ்சினில் எழுத்தின் வடிவத்தைத் தொடும் ஆன்டி அலையாசிங், ஹின்டிங், சப்பிக்சல் என்ற மூன்று அமைப்புகளையும் அணைத்தால் போதும். யூனிட்டி எஞ்சினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில், ஓரத்தை வழவழப்பாக்கும் எஸ்டிஎஃப் முறையை விட்டு, பிக்சலை அப்படியே வைக்கும் ராஸ்டருக்கு மாறி, ஃபில்டரை பாயின்ட்டில் வைக்க வேண்டும். இல்லையென்றால் மூலையெல்லாம் மழுங்கிவிடும்.

ஆனால் எண்கள்! இந்த ஃபான்டை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமே அவைதான். செங்குத்துக் கோடு இரண்டு புள்ளித் தடிமன், படுக்கைக் கோடு ஒன்று. பின்னால் எவ்வளவு வெடித்துச் சிதறினாலும் ஸ்கோர் கண்ணில் படும். ஒன்றும் எட்டும் ஒரே அகலம் என்பதால் ஸ்கோர் மளமளவென்று ஏறும்போது வரிசை அசையாது. பூஜ்யத்தை உருப்பெருக்கிப் பாருங்கள்: இடது மேல் ஓரமும் வலது கீழ் ஓரமும் மெலிந்து, மற்ற இரண்டும் தடித்து, லேசாகச் சாய்ந்த மாதிரி இருக்கும். ஆங்கில 'ஓ' அப்படி இல்லை, நாலு பக்கமும் சமம். (எட்டில் ஒன்று இடைவெளிக்குப் போக) ஏழுக்கு ஏழு புள்ளிக்குள் இரண்டையும் குழப்பமில்லாமல் பிரித்துக் காட்டிய கைக்கு எவ்வளவு பாராட்டு சொன்னாலும் தகும். மூன்றின் தலையைத் தட்டையாக வெட்டியிருப்பதும் அப்படித்தான், தூரத்திலிருந்து பார்த்தாலும் எட்டு என்று தோன்றாது.

தமிழ் இதில் கிடையாது. லத்தீன், கிரேக்கம், சிரிலிக் உண்டு. தமிழ்த் தலைப்பு எழுதினால் விண்டோஸில் பெரும்பாலும் அதன் சொந்த ஃபான்டான நிர்மலா வந்து உட்கார்ந்துகொள்ளும், வழவழவென்ற எழுத்து கட்டம் கட்டமான எண்களுக்குப் பக்கத்தில் ஒட்டவே ஒட்டாது. இதை ஃபான்டின் குறை என்று சொல்ல மாட்டேன். இரண்டு புள்ளித் தடிமனில் ஏழு புள்ளி அகலத்துக்குள் 'ண' வரைய இடமே இல்லை. மேலேயும் கீழேயும் நீளும் 'கீ'யும் 'கூ'வும் வேறு இருக்கின்றன. தமிழுக்குப் பெரிய கட்டத்தில் தனியாகத்தான் வரைய வேண்டும், யாராவது வரைந்து தந்தால் முதலில் வாங்குவது நானாக இருப்பேன்.

தம்பிக்கு என் பதில்: போடாதீர்கள். உங்கள் மெனுவில் நீளநீளமான வார்த்தைகள் இருக்கின்றன, ஸ்கேலிங் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நான் அடுத்த கேமிலும் இதைத்தான் போடப் போகிறேன், ஸ்கோருக்கும் 'கேம் ஓவர்' என்ற ஒரே தலைப்புக்கும், 32-இல்.